நீச்சே, மேடம்

லாடோ சராயில் ஜனவரி, காலை ஏழே முக்கால்.
பனி இன்னும் முழுதாக எழுந்து போகவில்லை.
நாலாவது குழிக்கு அடித்த பந்து
வலப்புறம் ஒதுங்கி
ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறது.

விலாயதி கீக்கர் என்கிறான் ஓம்வீர்.
எனக்குத் தெரியாதா இவனை.
சீமைக்கருவேலம்.
ராமநாதபுரத்தில் தணிக்கைக்குச் சுற்றிய மூன்று வருடமும்
ஜீப்புக்கு முன்னால் நின்றவன்.
மாற்றலாகி டெல்லி வந்தால்
எனக்கு முன்பே வந்து
குவார்ட்டர்ஸ் வாங்கிக்கொண்டு நிற்கிறான்.

கிளைகளுக்கு நடுவே கையகலத்துக்கு வானம்.
அதில் குதுப் மினாரின் தலை மட்டும்.
அந்த வழியே போய்விடும் என்று தோன்றியது.
வாரத்துக்கு ஒருநாள் ஆடுகிறவர்களுக்கெல்லாம்
அப்படித்தான் தோன்றுமாம்.
ஒன்பதாம் நம்பர் இரும்பை உருவி,
பந்தைக் கைதூக்கிவிடுகிற மாதிரி
அடியிலிருந்து ஒரு அள்ளு அள்ளினேன்.

டக்.
கிளையில் பட்டு, என் தோளுக்கு மேலாகத் திரும்பி,
முன்பு கிடந்த இடத்துக்கும் நாலடி பின்னால் விழுந்தது.
இதுவும் கணக்கில் ஒரு அடி.
பல் டாக்டர் குல்வந்த் கௌர் அந்தப் பக்கம் திரும்பி
கையுறையைச் சரிசெய்துகொண்டார்.
கடைவாய்ப்பல்லைப் பிடுங்கும்போதும்
இதே முகமாகத்தான் இருக்கும்.

"நீச்சே, மேடம், நீச்சே."
இருபத்திரண்டு வருட டெல்லி,
இந்தி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.
ஆனாலும் அந்தச் சொல் மட்டும்
காதில் நீச்சல் என்றே விழுகிறது.
சரி, முங்கித்தான் போக வேண்டும்.

ஒன்பதை வாங்கிப் பையில் செருகிவிட்டு
ஐந்தை நீட்டுகிறான்.
பந்து வலது பாதத்துக்கு நேராக.
உடம்பின் பாரம் இடது காலில், கடைசிவரை இடது காலில்.
பிடியை ஓர் அங்குலம் கீழே இறக்கி,
கை பந்தைத் தாண்டி முன்னால்.
பாதி வீச்சு போதும்.
மிச்சத்தை எனக்கு நானே தமிழில் சொல்லிக்கொண்டேன்:
தாழ அடி. அடித்ததும் தாழ் போடு.
வாசலில் வேண்டாத ஆள் நிற்கும்போது
கதவுக்குப் போடுவோமே,
அப்படி, சட்டென்று.

தூக்கிவிடாதே.
அதுதான் கஷ்டம்.
தம்பியை இரண்டு தடவை தூக்கிவிட்டாயிற்று.
மூன்றாவதற்கு பி.எஃப். விண்ணப்பம்
மேசை இழுப்பறையில்
கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.
பந்து எழுவதை இரும்பின் சரிவு பார்த்துக்கொள்ளும்.
அதற்குத்தான் அதைச் சரித்தே வார்த்திருக்கிறார்கள்.

ஒத்திகை ஒன்று. முழங்கையில் முள் கீறியது.
இன்னொன்று.
பிறகு

சத்தம்தான் முதலில் வேறாக இருந்தது,
ஈரத்துணியைக் கல்லில் ஒரே அறை அறைந்தாற்போல.
கை இடுப்பில் நின்றது.
பந்து கீழ்க்கிளைக்கும் அடியில் நுழைந்து
முழங்கால் உயரத்திலேயே பனிக்குள் போய்,
பழுத்த புல்லில் தரை தொட்டு,
குதித்து, ஓடி,
ஓடிக்கொண்டே இருந்தது.
வழியில் மேய்ந்த பெண்மயில் ஒன்று
ஒரு காலைத் தூக்கி இடம்விட்டு
மறுபடி ஊன்றிக்கொண்டது.

"ஷாபாஷ்" என்றான் ஓம்வீர்.
அவன் சொல்லி முடிப்பதற்குள்
கிரீனுக்கு இப்பால் மணல் பள்ளத்தில்
பந்து இறங்கிவிட்டது.
அழகாகத்தான் இறங்கியது.

அட்டையில் எழுதும்போது குல்வந்த் கேட்டார்,
ஆறா?
எட்டு, என்றேன்.
தணிக்கைக்காரி.

சாகேத்தில் மெட்ரோ ஏறியதும் போன் அடித்தது.
தம்பி.
மாளவியா நகரில் மறுபடி.
கம்பியைப் பிடித்திருந்த கையில்
முள் கீறிய கோடு மெல்ல எரிந்தது.
எய்ம்ஸ் வரைக்கும் அடிக்கவிட்டேன்.
பிறகு எடுத்து,
சாப்பிட்டாயா, என்றேன்.